கையொப்பம் இல்லாததும் கையொப்பம் இட்டதும்

எபிரெயர் நிருபத்தை எழுதியவர் தம் பெயரைச் சொல்லவே இல்லை. இரண்டாம் பேதுரு நிருபத்தை எழுதியவர் தம் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார். பெயர் சொல்லாத நூலுக்குப் பிறர் ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரே அதைப் புதிய ஏற்பாட்டுக்குள் அழைத்துவந்தது. பெயர் சொன்ன நூலின் பெயரைப் பிறர் ஐயுற்றார்கள். அந்தப் பெயரே அதை நெடுங்காலம் வாசலில் நிறுத்திவைத்தது.

தொடக்கக்காலக் கிறிஸ்தவ நூல்களை யார் எழுதினார்கள் என்ற ஆராய்ச்சி பெரும்பாலும் நான்கு நற்செய்தி நூல்களையே சுற்றிவரும். இந்த இரண்டு நிருபங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. முன்னது 13 அதிகாரங்களும் 303 வசனங்களும் கொண்டது. பின்னது 3 அதிகாரங்களும் 61 வசனங்களும் கொண்டது. முன்னதன் கவலை ஆசாரியத்துவம், பலி, உடன்படிக்கை. பின்னதன் கவலை கள்ளப் போதகர்கள், உலக முடிவு. பொருளால் இவ்வளவு விலகி நிற்பவை, ஆக்கியோன் யார் என்ற கேள்வியை எழுப்பியவுடன் எதிரெதிரே வந்து நின்றுகொள்கின்றன. அப்படி நிற்கும்போது வேற்றுமைகளை விட உறவுகளே அதிகம் தென்படுவது இந்த ஒப்பீட்டின் சுவை.

தலையும் வாலும்

வடிவத்திலிருந்து தொடங்கலாம். அக்காலக் கிரேக்கக் கடிதத்துக்கு ஒரு முறை உண்டு: அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், வாழ்த்து, செய்தி, இறுதியில் நலம் விசாரிப்பு. எபிரெயர் நிருபத்தில் முதல் மூன்றும் இல்லை. கடவுள் முன்னாளில் பேசியதையும் இப்போது பேசியதையும் எதிர்வைத்து, மூச்சுவிடாத ஒரு நீண்ட வாக்கியத்தில், மேடைப் பிரசங்கம்போல் அது தொடங்குகிறது. ஆனால் முடியும்போது கடிதமாகிவிடுகிறது: தீமோத்தேயுவுக்கு விடுதலை கிடைத்த செய்தி வருகிறது, இத்தாலியரின் வாழ்த்து வருகிறது, சுருக்கமாகவே எழுதினேன் என்ற சமாதானமும் வருகிறது.

இரண்டாம் பேதுரு இதைத் தலைகீழாகச் செய்கிறது. அனுப்புநர் பெயர், பதவி, பெறுநர், வாழ்த்து எல்லாம் முறைப்படி முன்னே நிற்கின்றன. ஆனால் முடிவில் ஒருவருடைய நலமும் விசாரிக்கப்படவில்லை. வாழ்த்து அனுப்பும் ஊரோ ஆளோ இல்லை. ஒரு துதியுரையோடு பிரசங்கம்போல் முடிந்துவிடுகிறது. முன்னது தலையில்லாத கடிதம். பின்னது வாலில்லாத கடிதம். கடிதம் என்ற சட்டகத்தை இரண்டுமே பாதியளவுதான் ஏற்றுக்கொண்டன. எந்தப் பாதி என்பதில்தான் வேறுபட்டன.

இந்தப் பாதிகளே பிற்கால வாதங்களுக்கு விதையாயின. எபிரெயர் நிருபத்தின் தலையில் பெயர் இல்லாததால், வாலில் இருந்த தீமோத்தேயுவைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பவுலிடம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் பேதுருவின் தலையில் பெயர் இருந்தும், வாலில் வாழ்க்கையின் தடயம் எதுவும் இல்லாததால், அந்தப் பெயர் உண்மையில் எழுதியவருடையதா என்ற ஐயத்தைத் தீர்க்க எதுவும் கிடைக்கவில்லை.

கண்டவரும் கேட்டவரும்

இருவரும் தங்களைப் பற்றிச் சொல்வதை அடுத்துப் பார்ப்போம். எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் இரண்டாம் அதிகாரத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்: மீட்பின் செய்தி முதலில் ஆண்டவரால் சொல்லப்பட்டது, அவரிடம் கேட்டவர்கள் அதை நமக்கு உறுதிப்படுத்தினார்கள். அதாவது அவர் கேட்டவர்களிடமிருந்து கேட்டவர். தமக்குச் செய்தி எந்த மனிதரிடமிருந்தும் வரவில்லை என்று கலாத்தியருக்கு அடித்துச் சொன்ன பவுல் இப்படி எழுதியிருப்பாரா என்ற கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது.

இரண்டாம் பேதுருவின் ஆசிரியர் இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறார். நாங்கள் தந்திரக் கட்டுக்கதைகளைப் பின்பற்றவில்லை. கிறிஸ்துவின் மகிமையைக் கண்ணாரக் கண்டோம். பரிசுத்த மலையில் அவரோடு இருந்தபோது வானத்திலிருந்து வந்த குரலைக் காதாரக் கேட்டோம் என்பது அவர் வாதம். தாம் விரைவில் இறக்கப்போவதையும் குறிப்பிட்டு, தம் மறைவுக்குப் பின் நினைவுகூர்வதற்காகவே எழுதுவதாகச் சொல்கிறார்.

ஆனால் மூன்றாம் அதிகாரத்துக்கு வரும்போது குரல் சற்று மாறுகிறது. அங்கே பரியாசக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பிதாக்கள் நித்திரையடைந்த பின்னும் எல்லாம் முன்போலவே இருக்கிறதே, கிறிஸ்துவின் வருகை எங்கே? முதல் தலைமுறை மறைந்துவிட்ட ஒரு காலத்தில் கேட்கப்படும் கேள்வி இது என்பதே பெரும்பாலான இன்றைய ஆய்வாளர்களின் வாசிப்பு. அப்படியானால் கண்டவன் என்று தொடங்கியவரும் கேட்டவர்களிடம் கேட்டவரே. முன்னவர் அதை வெளிப்படையாகச் சொன்னார். பின்னவரை அவர் எழுத்து காட்டிக்கொடுத்தது.

மலை என்ற ஒரே இடத்தை இருவரும் பயன்படுத்தும் விதம் இந்த வேறுபாட்டை அழகாகத் துலக்குகிறது. தொட்டுப் பார்க்கக்கூடிய மலைக்கு நீங்கள் வந்து சேரவில்லை என்று எபிரெயர் நிருபம் வாசகர்களுக்குச் சொல்கிறது. சீனாய் மலையின் நெருப்பையும் இருளையும் விலக்கி, கண்ணுக்குத் தெரியாத சீயோனைக் காட்டுகிறது. நான் மலையில் நின்றேன் என்பதே இரண்டாம் பேதுருவுக்கு ஆதாரம். காணாததை நம்பச் சொல்பவர் முன்னவர். கண்டதால் நம்பச் சொல்பவர் பின்னவர்.

பெயரைப் பற்றிய ஒரே கொள்கை

இவ்வளவு எதிரும் புதிருமாக நிற்பவர்கள் ஓரிடத்தில் எதிர்பாராமல் கைகோக்கிறார்கள். பழைய நூல்களை எழுதியவர்களைப் பற்றி இருவரும் என்ன நினைத்தார்கள் என்று தேடினால் விடை கிட்டத்தட்ட ஒன்றே.

எபிரெயர் நிருபம் சங்கீதங்களை மேற்கோள்களால் நிறைத்த நூல். ஆனால் அந்தச் சங்கீதங்களைப் பாடியவரின் பெயரை அது ஏறத்தாழ மறந்தேவிடுகிறது. சங்கீதக்காரராகத் தாவீதின் பெயரை ஓரிடத்தில் சொல்வதோடு சரி. எட்டாம் சங்கீதத்தை எடுத்தாளும்போது, எங்கேயோ ஒருவர் சாட்சி சொன்னார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறது. வேதத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றவருக்கு எங்கே, யார் என்று தெரியாமல் இருந்திருக்காது. பேசுபவர் கடவுள், எழுதிய மனிதர் யாராக இருந்தால் என்ன என்பதே அந்த அலட்சியத்தின் பொருள். ஆசிரியர் தம் பெயரையே சொல்லாததும் தாவீதின் பெயரைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டதும் ஒரே மனப்போக்கின் இரு வெளிப்பாடுகளாகத் தோன்றுகின்றன.

இரண்டாம் பேதுரு அதே கொள்கையை நேரடியாகவே அறிவிக்கிறது. வேதத்தின் தீர்க்கதரிசனம் மனித விருப்பத்தால் உண்டாகவில்லை. பரிசுத்த ஆவியால் ஏவப்பட்டவர்களே பேசினார்கள் என்று முதல் அதிகாரம் முடிகிறது. இந்தக் கொள்கையிலிருந்து இருவரும் எதிரெதிர் முடிவுகளுக்குப் போனார்கள் என்பதே வியப்பு. மனிதப் பெயர் முக்கியமில்லை என்று கருதிய முன்னவர் பெயரைக் கைவிட்டார். மனிதக் குரல் கருவி மட்டுமே என்று கருதிய பின்னவர், வலிமை மிகுந்த வேறொரு குரலைத் தமக்குக் கருவியாக எடுத்துக்கொண்டார்.

மூலங்களைக் கையாள்வதிலும் இந்த வேறுபாடு தெரியும். எபிரெயர் நிருபம் கடன் வாங்கும்போது வாங்குகிறேன் என்று சொல்லியே வாங்குகிறது. மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்பது வாசகனுக்கு விளங்கும். இரண்டாம் பேதுருவின் இரண்டாம் அதிகாரமோ யூதா நிருபத்தின் 25 வசனங்களில் பெரும்பகுதியை வரிசை குலையாமல் உள்வாங்கிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஏனோக்கின் நூலிலிருந்து யூதா எடுத்த மேற்கோளும், மோசேயின் சரீரத்துக்காக மிகாவேல் வாதாடிய கதையும் மட்டும் அதில் காணாமல் போகின்றன. பொது ஏற்புப் பெறாத நூல்களை வடிகட்டிவிட்டு எஞ்சியதை அது தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆயினும் அந்த வடிகட்டலில் ஒரு பொறுப்புணர்வும் உண்டு: எந்த நூலைச் சான்றாக நிறுத்தலாம் என்று கவலைப்பட்ட ஒருவரின் கை அது.

ஐயத்தின் இரு பாதைகள்

முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட முதலாம் கிளெமெந்து என்னும் நிருபம், எபிரெயர் நிருபத்தின் சொற்களைத் தயக்கமின்றி எடுத்தாள்கிறது. அந்த நிருபத்தை முதலில் அறிந்ததாக நமக்குத் தெரியும் நகரம் ரோம். வேடிக்கை என்னவென்றால், அது பவுலுடையது என்பதை நெடுங்காலம் மறுத்ததும் ரோமும் அதைச் சுற்றிய மேற்கு உலகமும்தான். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் இருந்த காயுஸ், பவுலின் நிருபங்கள் 13 என்றே எண்ணினார். கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் அதைப் பர்னபாவுடையது என்று எழுதினார்.

கிழக்கே அலெக்சாந்திரியாவில் கதை வேறு. அங்கே நூலின் மதிப்பில் ஐயமில்லை. பவுல் ஏன் பெயர் போடவில்லை என்பதே கேள்வி. ஆண்டவரே எபிரெயருக்கு அப்போஸ்தலராக இருந்ததால் பவுல் பணிவு கருதிப் பெயரை விட்டார் என்று ஒரு விடை. அதைச் சொன்னவர் பன்டேனுஸ் என்று கருதுகிறார்கள். இந்தியாவுக்குப் பயணம் செய்ததாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் குறிப்பிடும் அதே ஆசிரியர். தம்மீது எபிரெயருக்கு இருந்த வெறுப்பை மனத்தில் கொண்டு பவுல் மறைந்துகொண்டார், எபிரெய மொழியில் அவர் எழுதியதை லூக்கா கிரேக்கத்தில் தந்தார் என்று பன்டேனுஸின் மாணவரான அலெக்சாந்திரியக் கிளெமெந்து இன்னொரு விடை சொன்னார். அடுத்து வந்த ஓரிகன் இருவரையும் விடத் துணிவானவர். கருத்து அப்போஸ்தலருடையது, நடையும் அமைப்பும் வேறொருவருடையது, எழுதியவர் யார் என்ற உண்மையைக் கடவுளே அறிவார் என்று அவர் தீர்ப்பளித்தார்.

அதே ஓரிகன் இரண்டாம் பேதுருவையும் தொடுகிறார். அந்த நிருபத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முதல் உறுதியான சான்று அவருடையதே. ஆனால் குறிப்பிடும் அதே மூச்சில் ஐயத்தையும் சொல்லிவிடுகிறார்: பேதுரு ஏற்கப்பட்ட நிருபம் ஒன்றை விட்டுச் சென்றார், இரண்டாவதும் இருக்கலாம், அது விவாதத்துக்குரியது. எபிரெயர் நிருபம் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது, பிறகு ஐயத்துக்கு உள்ளானது. இரண்டாம் பேதுரு ஐயத்தோடு கூடவே வரலாற்றுக்குள் நுழைந்தது.

நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் இரண்டையும் தம் வரலாற்றின் ஒரே இயலில் எடைபோட்டார். பவுலின் 14 நிருபங்கள் தெளிவானவை; எபிரெயரைச் சிலர் மறுப்பதையும் மறைக்கக் கூடாது என்றார். இரண்டாம் பேதுரு திருமறை வரிசையைச் சேர்ந்ததாகத் தமக்குக் கையளிக்கப்படவில்லை; ஆயினும் பலருக்குப் பயன்பட்டதால் படிக்கப்பட்டது என்றார். முன்னது மறுப்போடு கூடிய ஏற்பு. பின்னது ஏற்போடு கூடிய மறுப்பு.

இரண்டு ஐயங்களையும் வளர்த்த ஓர் ஊற்று நடை. எபிரெயர் நிருபத்தின் கிரேக்கம் பவுலுக்கு மிகையான செம்மை கொண்டது என்றார்கள். இரண்டாம் பேதுருவின் ஆடம்பரமான கிரேக்கம் முதலாம் பேதுருவோடு ஒட்டவில்லை என்றார்கள். இரண்டுக்கும் கிடைத்த மருந்தும் ஒன்றே: எழுத்தர். எபிரெயர் நிருபத்துக்கு லூக்காவைக் கிளெமெந்து கொண்டுவந்தார். பேதுருவின் இரு நிருபங்களுக்கும் வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்திருப்பார்கள் என்று ஜெரோம் விளக்கினார். கருத்தைப் பெரியவருக்கும் சொல்லைச் சிறியவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த உத்தி, பெயரில்லாத நூலையும் பெயருள்ள நூலையும் ஒருசேரக் காப்பாற்றியது.

ஓரத்து எண்கள்

ஏடுகளும் இந்தக் கதையைச் சொல்கின்றன. 200ஆம் ஆண்டை ஒட்டிய பாப்பிரஸ் 46இல் எபிரெயர் நிருபம் ரோமருக்கும் முதலாம் கொரிந்தியருக்கும் நடுவே, பவுலின் பெரிய நிருபங்களின் வரிசையில் அமர்ந்திருக்கிறது. இரண்டாம் பேதுருவின் மிகப் பழைய ஏடான பாப்பிரஸ் 72, மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் அந்த நிருபம் ஒரு கலவைத் தொகுப்பின் நடுவே இருக்கிறது. மரியாளின் பிறப்பு பற்றிய கதையும், பவுலின் பெயரில் புனையப்பட்ட ஒரு கொரிந்தியர் நிருபமும் அதே தொகுப்பில் அதன் அண்டை வீட்டார். பெயரில்லாத நூலுக்கு மதிப்பான அயலார் கிடைத்தனர். பெயருள்ள நூலுக்குத் தன்னைப் போலவே ஐயத்துக்குரிய ஓர் அயலார் வாய்த்தார்.

நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் ஏட்டில் இரண்டின் வரலாறும் ஓரத்து எண்களாகப் பதிந்திருக்கிறது. அதில் பவுலின் நிருபங்கள் முழுவதற்கும் ஒரே தொடர் எண்கள் உண்டு. கலாத்தியர் 58இல் முடிகிறது. அடுத்து நிற்கும் எபேசியர் 70இல் தொடங்குகிறது. இடையில் விடுபட்ட எண்கள், பின்னால் வைக்கப்பட்ட எபிரெயர் நிருபத்தில் 59 முதல் தென்படுகின்றன. மூல ஏட்டில் அது கலாத்தியரை அடுத்து இருந்தது. பிறகு இடம் மாற்றப்பட்டது. எண் மட்டும் பழைய வீட்டு முகவரியாக ஒட்டிக்கொண்டது. அதே ஏட்டின் பொது நிருபங்களில் பழைய பகுப்பு எண்கள் இரண்டாம் பேதுருவுக்கு இல்லவே இல்லை. அந்தப் பகுப்பு உருவானபோது அந்த நிருபம் தொகுப்பில் இடம்பெறவில்லை என்று இதிலிருந்து கொள்கிறார்கள். முன்னதற்கு இடம் மாறிய எண். பின்னதற்கு எண்ணே இல்லை.

நிலப்பரப்பிலும் இதே எதிரொலி. மேற்கு ஐயுற்ற எபிரெயரைச் சிரியா தயங்காமல் ஏற்றது. சிரியாக் மொழியின் பெஷித்தா பதிப்பில் 22 நூல்களே இருந்தன. எபிரெயர் உண்டு, இரண்டாம் பேதுரு இல்லை. அந்தக் குறையை நிரப்பும் மொழிபெயர்ப்பு மப்பூக் ஆயர் பிலொக்சேனுஸின் முயற்சியால் 508இல் வந்தும், கிழக்குச் சிரியத் திருச்சபை பழைய 22 நூல்களோடே நின்றது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களும் அந்த மரபையே படித்துவந்தார்கள். 1599இல் கூடிய உதயம்பேரூர் மாமன்றம், சிரியாக் வேதாகமத்தில் விடுபட்டிருந்த நூல்களைச் சேர்க்க ஆணையிட்டபோது, அந்தப் பட்டியலில் இரண்டாம் பேதுருவும் இருந்தது. கார்த்தேஜ் மாமன்றம் 397இல் பட்டியல் வகுத்து 1,200 ஆண்டுகள் கழித்து, மலபார்க் கரையில் அந்த நிருபத்துக்கு இன்னொரு முறை வாசல் திறக்க வேண்டியிருந்தது.

அந்தக் கார்த்தேஜ் பட்டியலில் எபிரெயருக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. பவுலின் நிருபங்கள் 13, அவருடையதாகவே எபிரெயருக்கு எழுதியது 1 என்று பிரித்து எழுதினார்கள். 13உடன் 1ஐக் கூட்டி 14 என்று எழுதும் துணிவு அங்கே சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

பெயரின் விலை

பிறர் பெயரில் எழுதுவது அக்காலத்தில் யாரும் குறை சொல்லாத வழக்கம் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இரண்டு நிகழ்ச்சிகள் அதற்கு எதிராக நிற்கின்றன. பவுலின் பெயரைச் சுற்றி ஒரு நூல் புனைந்த ஆசியாவின் மூப்பர் ஒருவர், பவுல் மீதிருந்த அன்பினால் செய்தேன் என்று ஒப்புக்கொண்டும் பதவியிழந்ததைத் தெர்த்துல்லியன் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன், பேதுருவின் பெயரில் வழங்கிய ஒரு நற்செய்தி நூலைப் படித்துப் பார்த்துத் தள்ளினார். அப்போஸ்தலர்களைக் கிறிஸ்துவைப்போல் ஏற்போம், அவர்கள் பெயரில் வரும் பொய் நூல்களை ஏற்கமாட்டோம் என்பது அவர் நிலை. பேதுருவின் பெயரில் நற்செய்தி, வெளிப்படுத்தல், பிரசங்கம், நடபடிகள் என்று நூல்கள் பெருகியிருந்த காலம் அது. பெரிய பெயர் வைத்தால் பெரிய சோதனையும் கூடவே வரும். எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் அந்தச் சோதனைக்குத் தம்மை உட்படுத்தவே இல்லை.

ஆனால் பெயரின்மைக்கும் ஒரு விலை இருந்தது. விழுந்துபோனவர்களை மனந்திரும்புதலுக்கு மீண்டும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று ஆறாம் அதிகாரத்தில் எபிரெயர் நிருபம் கடுமையாகப் பேசுகிறது. தெர்த்துல்லியன் போன்ற கடும்போக்காளர்களுக்கு அது ஆயுதமானது. மற்றவர்களுக்கு அதுவே சங்கடமானது. பெயரில்லாத நூலின் சங்கடமான வரியைத் தள்ளிவைப்பது எளிது. இரண்டாம் பேதுருவும் அதே கடுமையைப் பேசுகிறது: விலகிப்போனவர்களின் பின்னிலை முன்னிலையை விடக் கேடானது என்று சொல்லி, கக்கினதைத் தின்னும் நாயையும் சேற்றுக்குத் திரும்பும் பன்றியையும் காட்டுகிறது. எனினும் அந்த வரிகளுக்காக யாரும் அதை ஐயுற்றதாகத் தெரியவில்லை. அதன் மீதான வழக்கு முழுவதும் பெயர் வழக்கே.

சீர்திருத்தக் காலத்தில் இந்தத் தர்க்கம் பளிச்சென்று தெரிந்தது. லூத்தர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் எபிரெயரைப் பவுலின் வரிசையிலிருந்து பெயர்த்து, யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றோடு எண்ணில்லாமல் கடைசியில் வைத்தார். எழுதியவர் அப்பொல்லோ என்பது அவர் ஊகமானது. இரண்டாம் பேதுருவை அவர் அசைக்கவில்லை. கால்வினோ இரண்டையும் உற்றுப் பார்த்தார். எபிரெயர் பவுலுடையது அன்று என்று எளிதாகச் சொன்னார். நூலின் மதிப்பு சிறிதும் குறையவில்லை. இரண்டாம் பேதுருவின் நடை பேதுருவுடையதாகத் தோன்றவில்லை என்றும் கண்டார்; ஆனால் பெயரை விலக்க அவரால் முடியவில்லை. ஏற்கத்தக்க நூல் என்றால் அது பேதுருவிடமிருந்து வந்திருக்க வேண்டும், இல்லையேல் வேடமிடுதல் ஆகிவிடும் என்று எண்ணி, பேதுருவின் கட்டளைப்படி சீடர் ஒருவர் எழுதியிருக்கலாம் என்ற நடுவழியில் நின்றார். பெயரின்மை விமர்சகனுக்குச் சுதந்திரம் தருகிறது. பெயர் அவன் கையைக் கட்டுகிறது.

சாட்சிக்கூண்டில் ஒரு சந்திப்பு

இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகளின் ஆய்வு இந்த எதிர்நிலைகளையே கலைத்துப் போட்டது. 1906இல் வில்லியம் விரேதே, எபிரெயர் நிருபத்தின் இறுதிப்பகுதி அதைப் பவுலின் கடிதமாகக் காட்டவே எழுதப்பட்டது என்று வாதிட்டார். கிளேர் ராத்ஸ்சைல்டு 2009இல் அந்த வாதத்தை மேலும் விரித்தார். அப்படியானால் மௌனமாக இருந்த நூலும் வாலில் ஒரு பெயரை முணுமுணுத்தது. மறுபக்கம் ரிச்சர்டு பாக்கம் 1983இல், இரண்டாம் பேதுரு ஒரு பெரியவரின் இறுதியுரை என்னும் யூத இலக்கிய வடிவில் அமைந்தது; முதல் வாசகர்களுக்கு அந்தப் பெயர் வடிவத்தின் பகுதி என்பது தெரிந்தே இருக்கும் என்று எழுதினார். அப்படியானால் பெயரை உரக்கச் சொன்ன நூல் யாரையும் ஏமாற்றவில்லை. பார்ட் எர்மன் 2013இல் இந்தச் சமாதானத்தை மறுத்து, அது போலி ஆவணமே என்றார். பிரிஸ்கில்லாவே எபிரெயரை எழுதினார் என்று ஹார்னாக் 1900இல் முன்வைத்த கருத்தும், ஆசிரியர் தம்மைக் குறிக்கும் ஓர் ஆண்பால் வினையெச்சத்தில் இடறி நிற்கிறது. வழக்கு முடியவில்லை. ஆயினும் ஒருவர் வாய்மூடியவர், மற்றவர் வேடமிட்டவர் என்ற எளிய பிரிவினை இனிச் செல்லாது.

எல்லாவற்றிலும் விந்தையான உறவு மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில் காத்திருக்கிறது. நம் பிரியமான சகோதரன் பவுலும் உங்களுக்கு எழுதியிருக்கிறார், அவர் நிருபங்களில் அறிவதற்கு அரிதானவை உண்டு என்று இரண்டாம் பேதுரு சொல்கிறது. பவுல் யாருக்கு எழுதிய எந்த நிருபம்? பேதுரு யூதக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார், ஆகவே பவுல் அவர்களுக்கு எழுதியது எபிரெயர் நிருபமாகத்தான் இருக்கும் என்று பழைய உரையாசிரியர்கள் சிலர் முடிவுகட்டினார்கள். தன் கையொப்பமே கேள்விக்குள்ளான நூல், கையொப்பமே இல்லாத நூலுக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது. இன்று அந்தச் சாட்சியத்தை ஏற்போர் அரிது. ஆனால் அதே வரி வேறொன்றுக்கு உறுதியான சான்றாகிறது: அது எழுதப்பட்டபோது பவுலின் நிருபங்கள் தொகுப்பாக வழங்கின; மற்ற வேத எழுத்துகளோடு சேர்த்து எண்ணப்பட்டன. அந்தத் தொகுப்பு உருவாகாமல் இருந்திருந்தால் எபிரெயர் நிருபத்துக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்திருக்காது.

இனி எடைபோடலாம். பெயரை அகற்றினால் இரண்டு நூல்களும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. எபிரெயர் நிருபத்தின் வாதம், வாசகன் தானே சரிபார்க்கக்கூடிய வேத வசனங்களின் மீது நிற்கிறது. பவுல் போனாலும் ஒரு வரியும் சாய்வதில்லை. இரண்டாம் பேதுருவின் வாதத்தில் ஒரு தூண், நான் கண்டேன் என்ற சொல். பேதுரு போனால் அந்தத் தூணை வேறு விதமாகப் படிக்க வேண்டும். நேர்மையான ஒப்பீடு இதை மறைக்க முடியாது. ஆனால் இழப்பை மட்டும் கணக்கிடுவதும் நேர்மையாகாது. பவுலின் பெயரை நீக்கும்போது, பவுலுக்கு நிகரான இன்னொரு சிந்தனையாளர் முதல் நூற்றாண்டுத் திருச்சபையில் இருந்தார் என்று தெரியவருகிறது. பேதுருவின் பெயரை நீக்கும்போது, பிதாக்கள் மறைந்த பின் தாமதத்தோடும் பரியாசத்தோடும் மல்லுக்கட்டி, எந்த நூல்களை நம்புவது என்று வரிசைப்படுத்தத் தொடங்கிய ஒரு தலைமுறை முகம் காட்டுகிறது. அப்போஸ்தலர் இருவரின் எழுத்துக் கணக்கில் குறைவது இரண்டு நிருபங்கள். தொடக்கக்காலத் திருச்சபையின் ஆள் கணக்கில் கூடுவது இரண்டு எழுத்தாளர்கள்.